முத்துப்பழனியின் இராதிகா சாந்த்வனமும் பெண்ணுடற் சொல்லாட்சியும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மார்கழித் திங்களின் வைகறைகளில் திருமலைக் கோயிலில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. தெலுங்கு வழங்கும் நிலத்தில், தெலுங்கு பேசும் மக்கள் கூடியிருக்க, தமிழ்ப் பெண் ஒருத்தியின் சொல் இறைவனைத் துயிலெழுப்புகிறது. பாலசமுத்திரம் முதலான சிற்றூர்களை உள்ளடக்கிய சித்தூர், திருப்பதி வட்டாரம் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக ஒன்றையொன்று தொட்டுப் புழங்கிவரும் நிலப்பகுதியாகும். இவ்விரு மொழிகளுக்கிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலில் பெண் புலவர்க்கும் பங்குண்டு. திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவருள் ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (ஆட்சிக்காலம் 1739–1763) அவையில் விளங்கிய கணிகையர் குலப் புலவர் முத்துப்பழனி.

ஆண்டாளை மொழிபெயர்த்ததற்காக இப்புலவரை எவரும் குறை கூறியதில்லை. ஆனால் அவர் தாமே இயற்றிய 'இராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குச் சிருங்காரக் காவியம் 1911இல் சென்னை மாகாண அரசால் தடைசெய்யப்பட்டது. ஒரே பெண்ணின் இரு நூல்கள் இருவேறு விதி பெற்றமைக்குக் காரணம் யாது என்னும் வினா இலக்கிய வரலாற்றாசிரியருக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் உடல், அவளுடைய இன்பம், அவளுடைய உடல்நலம் ஆகியவற்றை எம்மொழியில் எவ்வாறு சொல்வது என்னும் சிக்கலை நாளும் எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. தடைக்கு உள்ளானது பொருளா, சொல்லா, அன்றிச் சொல்பவளா என்பதை வரையறுத்துக்கொண்டு, அதன் வழியே இன்றைய உடல்நல எழுத்தின் சொல்லாட்சியையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நூலும் தடையும்

இராதிகா சாந்த்வனம் நான்கு ஆசுவாசங்களையும் 584 பாடல்களையும் உடையது. சுக முனிவர் சனக மன்னருக்கு உரைப்பதாக அமைந்தது. கண்ணனுக்கு அத்தை முறையினளான இராதிகை தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணம் செய்துவைக்கிறாள். மணமக்கள் இருவர்க்கும் இல்வாழ்வின் நெறிகளை எடுத்துரைக்கிறாள். அதன்பின் தன் பிரிவைத் தாங்கமாட்டாது துயருறுகிறாள், சினக்கிறாள், கிளியைத் தூதுவிடுகிறாள். ஈற்றில் கண்ணனே வந்து அவளை ஆற்றுவிக்கிறான். நூற்பெயருக்கும் இராதிகையை ஆற்றுவித்தல் என்பதே பொருள். அக்காலத் திருமண வழக்கம் இன்றைய அறத்திற்கும் சட்டத்திற்கும் ஒவ்வாதது. அதனை மறைப்பதும் முன்மாதிரியாகக் கொள்வதும் திறனாய்வாளருக்கு அழகல்ல. எனினும் காப்பியத்தின் உயிர்நாடி முதிர்ந்த பெண்ணொருத்தியின் விழைவு. அவ்விழைவைச் சொல்லிக்கொள்ளும் உரிமை. இதில் இராதிகை வேண்டப்படுபவள் மட்டுமல்லள், வேண்டுபவளும் ஆவாள். கண்ணன் தயங்கும் இடத்திலும் முன்செல்பவள் அவளே.

இந்நூலை 1887இல் வேங்கடநரசு என்பார் அச்சிட்டார். 1907இல் அது மறுபதிப்பாயிற்று. அப்பதிப்பில் நூலின் பாயிரமும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. பாயிரம் முத்துப்பழனி தம்மையும் தம் பாட்டி தஞ்சநாயகி முதலான தம் குலத்துப் பெண்டிரையும் பெருமிதத்துடன் அறிமுகப்படுத்தும் பகுதியாகும். அது நீங்கியமையால் நூல் தன் ஆசிரியரை இழந்து நின்றது. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) அச்சுப் பதிப்பைச் சுவடியோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்துச் செம்பதிப்பொன்றை உருவாக்கினார். சென்னை வாவிள்ள இராமசுவாமி சாஸ்திருலு நிறுவனம் அதனை 1910இல் வெளியிட்டது. இசைவாணியாகவும், பின்னாளில் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எடுத்தவராகவும் அறியப்படும் இவ்வம்மையார் பதிப்பாசிரியர் என்ற நிலையில் போதிய அளவு மதிக்கப்படவில்லை. சுவடியை ஒப்பிடுதல், விடுபாட்டைச் சுட்டுதல், பாயிரத்தை மீட்டல் ஆகியன பதிப்புக் கலையின் அடிப்படைப் பணிகள். அவற்றை அவர் செய்தார்.

எதிர்ப்பு இரு நிலைகளில் எழுந்தது. சமூகச் சீர்திருத்தவாதியாகவும் தற்காலத் தெலுங்கு உரைநடையின் முன்னோடியாகவும் போற்றப்படும் கந்துகூரி வீரேசலிங்கம் (1848–1919) ஆந்திரக் கவிஞர் வரலாற்றை எழுதுங்கால் முத்துப்பழனியின் ஒழுக்கத்தைப் பழித்தார். நூலின் பல பகுதிகள் பெண்ணின் வாயிலிருந்து வருதல் இருக்கட்டும், பெண் செவியில் படவும் தகாதன என்ற கருத்தை அவர் வெளிப்படுத்தினார். பெண் கல்விக்கும் கைம்பெண் மறுமணத்திற்கும் பாடுபட்டவர் இவ்வாறு கூறியமை கருதத்தக்கது. பெண்ணின் துயரைப் பேசுவதற்கு இடமளித்த சீர்திருத்தம் அவளது இன்பத்தைப் பேசுவதற்கு இடமளிக்கவில்லை என்பது இதனால் பெறப்படும். நாகரத்தினம்மாள் தம் பதிப்புரையில் இதற்கு விடையிறுத்தார். நாணம் பெண்ணுக்கு மட்டும் உரிய பண்பா என்றும், ஆண் புலவர் நூல்களில் இதனினும் மிகுந்த வருணனைகள் இருக்க இந்நூலை மட்டும் பழிப்பது முறையா என்றும் அவர் எழுப்பிய வினாக்களுக்கு எதிர்த்தரப்பினர் தக்க மறுமொழி கூறியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது நிலையே மொழிபெயர்ப்பாளர் ஊன்றி நோக்கற்பாலது. அரசு மொழிபெயர்ப்பாளராக இருந்த கோட்டேட்டி கனகராஜு பந்துலு நூலில் ஆட்சேபத்திற்குரியன எனத் தாம் கருதிய பாடல்களைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். அம்மொழிபெயர்ப்பைப் படித்தே அரசு முடிவெடுத்தது. 1911இல் பிரதிகள் கைப்பற்றப்பட்டன. பண்டிதர்களின் முறையீடுகள் பயன் தரவில்லை. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக இருந்த 1946–47ஆம் ஆண்டுக் காலத்திலேயே தடை நீங்கிற்று. வாவிள்ள நிறுவனம் 1952இல் நூலை மீண்டும் வெளியிட்டது. நாகரத்தினம்மாள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. தடை நிகழ்ந்த அதே 1911ஆம் ஆண்டில்தான், ஏப்ரல் முதல் நாளன்று, வடஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. தெலுங்கரும் தமிழரும் ஒரே மாகாண ஆட்சியின் கீழ் வாழ்ந்த காலம் அது. ஒரு நூலின் மீதான ஆணை இரு மொழியினரையும் கட்டுப்படுத்திற்று.

584 பாடல்களுள் சிலவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைச் சொல்பவர், கேட்பவர், சூழல் ஆகியவற்றினின்று நீக்கி, ஆட்சி மொழியில் பெயர்த்துச் சான்றாவணமாக்கிய செயலைத் தணிக்கை என்று மட்டும் கூறுதல் போதாது. அது மொழிபெயர்ப்பு முறையும் ஆகும். தேர்வு, துண்டித்தல், பதிவுநிலை மாற்றம் ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன. வெறுப்பு சிறிதுமின்றி மொழிபெயர்ப்பவரும் இம்மூன்றையும் செய்யக்கூடும் என்பதே இந்நிகழ்வு தரும் எச்சரிக்கையாகும்.

3. தடைக்குரிய காரணம்: பொருளா, சொல்பவளா?

பொருளே காரணமெனின் வேறு பல நூல்களும் தடைக்கு உள்ளாகியிருத்தல் வேண்டும். தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது பாடிய கீர்த்தனைகளுள் சிருங்காரக் கீர்த்தனைகளே மிகுதி. அவற்றுட் பல அலர்மேல்மங்கையின் கூற்றாகவும் தோழியர் கூற்றாகவும் அமைந்தவை. அவை செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுக் கோயிலிலேயே பாதுகாக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் தேவஸ்தானத்தால் நூல்களாகவும் வெளியிடப்பட்டன. க்ஷேத்ரய்யரின் பதங்கள் பெண் கூற்றில் காமத்தை வெளிப்படையாகப் பேசுபவை. இசையரங்கிலும் ஆடலரங்கிலும் இன்றும் நிலைபெற்றுள்ளன. இவ்விருவரும் ஆடவர். பெண் கூற்று ஆணால் புனையப்படும்போது பக்தியாகவும் கலையாகவும் ஏற்கப்பட்டது. பெண்ணே தன் கூற்றை மொழிந்தபோது அது ஒழுக்கக்கேடாயிற்று.

முத்துப்பழனியின் காலத்தவரான தரிகொண்டா வெங்கமாம்பாவையும் (1730–1817) இங்கு உடன்வைத்து நோக்கலாம். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் தோன்றி, இளமையிலேயே கணவரை இழந்து, கைம்மைக் கோலம் பூண மறுத்துத் திருமலையில் வாழ்ந்து பாடியவர் அவர். தம் காலத்து வழக்கை மீறியவர் அவரும். ஆயினும் அவரது மீறல் துறவின் வழியாக நிகழ்ந்தமையால் சமயம் அதனைத் தன்வயமாக்கிக்கொண்டது. முத்துப்பழனியின் மீறல் இன்பத்தின் வழியாக நிகழ்ந்தது. அதனை ஏற்கும் நிறுவனம் எதுவும் 1911இல் இல்லை.

தமிழ் மரபும் இச்சிக்கலினின்று விலகியதன்று. தொல்காப்பியம் இன்பத்தை எல்லா உயிர்க்கும் பொதுவாகக் கூறுகிறது. பூப்பினைத் தொடர்ந்த பன்னிரு நாளும் கணவன் மனைவியைப் பிரிந்துறைதல் கூடாதென்று கற்பியலில் விதிக்கிறது. பெண்ணுடலின் இயல்பை இலக்கண நூல் கூசாது பேசியமை இதனால் விளங்கும். ஆனால் அதே நூல், தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் எடுத்துரைத்தல் இல்லை என்றும் வரையறுக்கிறது. வேட்கை உண்டென்பதை அது மறுக்கவில்லை. அதனைச் சொல்லாக்குவதையே கட்டுப்படுத்துகிறது. நாச்சியார் திருமொழியில் வேங்கடத்து மேகங்களை விளித்துத் தன் வேட்கையைத் தூதாக அனுப்பும் ஆண்டாள் இவ்வரையறையைக் கடந்தவர். வைணவ உரைமரபு அதனைச் சுவாபதேசப் பொருளால் ஏற்றுக்கொண்டது. முலை என்பது பக்தியென்றும் இடை என்பது வைராக்கியமென்றும் கொள்ளப்பட்டன. அவ்வுரைநெறி தன்னளவில் ஆழ்ந்த சமயப் பொருளுடையது. ஆயினும் சொற்பொருளை அகற்றிவிட்டு உட்பொருளை மட்டும் அடுத்த மொழிக்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளர் உரையாசிரியரின் வேலையைச் செய்கிறார். மூலத்தின் வேலையைச் செய்யவில்லை.

4. தமிழாக்கத்தில் எழும் மொழியியற் சிக்கல்கள்

இராதிகா சாந்த்வனத்தைத் தமிழில் கொணர முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல் புலவரின் பெயரிலேயே தொடங்குகிறது. பெயரின் பிற்பகுதி தமிழ்நாட்டுத் தலத்தின் பெயர். முற்பகுதியிலுள்ள தெலுங்குச் சொல் ஒலிப்புடைய தகர இரட்டையைக் கொண்டது. முத்தம், செல்லம், அழகு என்னும் பொருள்களை உடையது. தமிழ் எழுத்தமைப்பில் ஒலிப்புடைய ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் தனித்தனி வடிவம் இன்மையால் அது 'முத்து' என எழுதப்படுகிறது. படிப்போர் மணியாகிய முத்தெனவே பொருள் கொள்கின்றனர். பிள்ளைத்தமிழின் முத்தப் பருவம் முத்தத்தையும் மணியையும் ஒருங்கே கருதும் மரபுடையதாதலின் இம்மயக்கம் முற்றிலும் இழப்பாகாது. எனினும் மூலப்பெயரின் குழைவு முன்னுரையில் ஒரு வரியாலேனும் சுட்டப்பட வேண்டும்.

அடுத்தது வினைமுற்று. தெலுங்கில் ஒருமைப் படர்க்கையில் ஆண்பால் ஒருபுறமும், பெண்பாலும் அஃறிணையும் இணைந்த வடிவம் மறுபுறமும் நிற்பது இயல்பு. பழைய இலக்கியத் தெலுங்கின் இறந்தகால முற்றுகள் பல பால்வேறுபாடே காட்டாதவை. தமிழிலோ ஆன், ஆள், அது என்னும் விகுதிகள் வினைதோறும் பாலையும் திணையையும் வெளிப்படுத்தும். எனவே தெலுங்கில் சூழலால் உணரப்படும் வினைமுதல் தமிழில் வடிவத்தாலேயே உணர்த்தப்படும். இராதிகையின் செயல்களை 'ஆள்' விகுதியோடு தொடர்ந்து படிக்கும்போது செய்பவள் அவளே என்பது மூலத்தினும் அழுத்தம் பெறுகிறது. இது தமிழாக்கத்திற்கு வாய்த்த நலன்.

ஆனால் இந்நலனைச் சொல்தேர்வு எளிதில் அழித்துவிடும். தமிழ் உரைமரபில் இன்பத்தைக் குறிக்கும் வினைகள் பெரும்பாலும் ஆணை எழுவாயாகவும் பெண்ணைச் செயப்படுபொருளாகவும் நிறுத்துகின்றன. மகளிரை நுகர்தல், ஆளுதல், அடைதல் போன்றவை இத்தகையன. பெண் எழுவாயாக வரும் இடங்களில் 'தன்னை அளித்தாள்', 'இசைந்தாள்', 'ஆட்பட்டாள்' என்றே பழக்கத்தால் எழுதத் தோன்றும். மூலத்தில் விரும்பிச் செல்பவள் மொழிபெயர்ப்பில் இணங்கி நிற்பவளாகிறாள். ஒரு பாடலையும் விடாது, ஒரு சொல்லையும் கூட்டாது மொழிபெயர்த்தாலும் இம்மாற்றத்தால் நூல் தலைகீழாகும். கூடல், முயக்கம், விழைதல், வேட்டல் முதலான அகத்திணைச் சொற்கள் இருபாலார்க்கும் ஒத்து வருவன. அவற்றைக் கையாளுதல் தக்கது.

மூன்றாவது உறுப்புப் பெயர்கள். 'அல்குல்' என்னும் சொல்லுக்கு இடைப்பகுதி எனவும் பெண்குறி எனவும் இருபொருள் அகராதிகளில் காணப்படும். சங்கப் பாடல்களில் அணிகலனும் ஆடையும் படியும் இடமாகப் பல இடங்களில் வருதலின் முதற்பொருளே பெரிதும் ஏற்புடைத்து என்பார் கருத்து வலுவுடையது. 'முலை' என்னும் சொல்லின் வரலாறு மேலும் தெளிவானது. காப்பியத்திலும் பக்திப் பாடலிலும் தடையின்றி வழங்கிய அச்சொல் இக்கால மேடைத் தமிழில் தகாச் சொல்லாகி, 'மார்பகம்' அதனிடத்தைப் பெற்றது. 2002இல் வெளியான குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பு அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டமையால் கடும் கண்டனத்தைச் சந்தித்தது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் அக்காலத்தே இவ்வாறு தாக்கப்பட்டனர். வீரேசலிங்கம் கூறியதற்கும் இக்கண்டனங்களுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. வாதத்தில் வேறுபாடு மிகக் குறைவு. குட்டி ரேவதி சித்த மருத்துவம் பயின்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மருத்துவர் வாயில் உறுப்பின் பெயராக இருப்பது கவிஞர் வாயில் குற்றமாகும் நிலை, சொல்லுக்கன்றிச் சொல்லும் இடத்திற்கே தடை விதிக்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

இவ்விடத்து ஒரு மறுப்புக் கூற்றும் கருதப்பட வேண்டும். மறைப்பதற்கு மாற்று பச்சையான சொல் என்று கொள்வதும் பிழையே. முத்துப்பழனியின் தெலுங்கு அரசவைத் தெலுங்கு; வடசொற்கள் செறிந்தது; யாப்பமைதி வழுவாதது. தெருவழக்கு வசைச்சொற்களால் அதனைப் பெயர்த்தல் நாணத்தின் மறுபுறமேயன்றி மூலத்திற்கு நேர்மையாகாது. 1991இல் சூசி தாரு, கே. லலிதா ஆகியோர் பதிப்பித்த இந்தியப் பெண்டிர் எழுத்துகளின் ஆங்கிலத் தொகை நூல் இக்காவியத்தின் வரலாற்றை முன்னுரையில் விரித்துரைத்துப் புலமையுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 2011இல் சந்தியா மூல்சந்தானியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆங்கிலத்தில் பெறவியலாத அகத்திணைச் சொல்வளம் தமிழுக்கு உண்டு. அதனைப் பயன்கொள்ளாது, பெண் தொடர்பான பகுதிகளில் மட்டும் வடசொல்லிலோ மங்கலச் சொல்லிலோ ஒதுங்குவது மொழியின் வறுமையன்று, மொழிபெயர்ப்பாளரின் தயக்கம்.

5. உடல்நல எழுத்தில் இதன் எதிரொலி

இலக்கிய மொழிபெயர்ப்பில் காணப்படும் இத்தயக்கம் உடல்நல எழுத்தில் வேறு விளைவைத் தருகிறது. காவியத்தில் இழப்பது சுவை. மருத்துவ அறிவுரையில் இழப்பது உடல்நலம்.

மாதவிலக்கைக் குறிக்கும் சொற்களை முதலில் நோக்கலாம். 'முட்டு' என்பது தெலுங்கில் தொடுதலையும் மாதவிலக்கையும் குறிக்கும். கன்னடத்திலும் இவ்விரு பொருளும் உண்டு. தமிழில் 'முட்டுத்துணி', 'முட்டுவீடு' என்னும் வட்டார வழக்குகளில் அச்சொல் எஞ்சியுள்ளது. 'தீட்டு' என்பது தீண்டுதல் என்னும் வினையோடு உறவுடையது. 'தூரம்', 'விலக்கு', 'வீட்டுக்கு விலக்கு' ஆகியன வெளிப்படை. இவற்றுள் ஒன்றேனும் உடலில் நிகழ்வதைக் குறிக்கவில்லை. அவ்வுடலைப் பிறர் தொடலாமா, அது எவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும் என்பதையே குறிக்கின்றன. ஒரு பெண் தன் உடலைப் பற்றிக் கூறத் தொடங்கும்போதே பிறருடைய விலகலைக் கூறிவிடுகிறாள். உடலை நேரே சுட்டும் 'பூப்பு' முதற்பூப்புக்கும் சடங்குக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது.

மருத்துவத் தமிழின் வரலாறு வேறொரு கோணத்தைக் காட்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் 1857இல் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கிப் 'பிரசவ வைத்தியம்' என வெளியிட்டார். மருத்துவத்தைத் தாய்மொழியில் கற்பிக்கலாம் என்பதற்கு அவர் பணி அழியாச் சான்று. அன்றுதொட்டுப் பேறு தொடர்பான சொற்கள் தமிழில் பெருகி நிலைபெற்றன. கருப்பை, கருப்பைவாய், சூலகம், நஞ்சுக்கொடி, பனிக்குடம் ஆகியவற்றுட் பல பள்ளி மாணவரும் அறிந்தவை. ஆனால் பேற்றுக்கன்றி இன்பத்திற்கே உரிய உறுப்புக்கு எல்லாரும் ஏற்றுப் புழங்கும் ஒரு சொல் நிலைபெறவில்லை. ஆக்கச் சொற்கள் முன்வைக்கப்பட்டிருப்பினும் அவை வாய்மொழியை எட்டவில்லை. எதற்குச் சொல் அமைந்தது, எதற்கு அமையவில்லை என்பது தற்செயலன்று. தாயாகும் உடலுக்குச் சொல் ஆக்கிய கலைச்சொல்லாக்கம் தன்பொருட்டு வாழும் உடலுக்கு ஆக்கவில்லை.

சொல்லின்மை இன்பத்தை மட்டும் பாதிப்பதில்லை. புணர்ச்சியின்போது வலி, அரிப்பு, நாற்றமுடைய வெள்ளைப்படுதல், கழுவுநீரும் வழலையும் மிகையாகப் பயன்படுத்துவதால் நேரும் எரிச்சல் ஆகியன மருத்துவரிடம் இடஞ்சுட்டிச் சொல்லப்பட வேண்டியவை. பெண்ணுறுப்பின் உட்பகுதி இயல்பாகவே அமிலத்தன்மையுடையது; அங்கு வாழும் நுண்ணுயிர்கள் தொற்றைத் தடுக்கின்றன; உள்ளே மருந்துநீர் செலுத்திக் கழுவுதல் அக்காப்பைக் குலைக்கும்; புறத்தே வெற்றுநீரால் தூய்மை செய்தலே போதும் என்பது மருத்துவர் கூற்று. இவ்வறிவுரையில் 'உள்ளே', 'புறத்தே' என்னும் வேறுபாடே உயிர்நிலை. துண்டறிக்கையைப் பெயர்ப்பவர் புறவுறுப்பையும் உட்குழலையும் 'பிறப்புறுப்பு' அல்லது 'அந்தரங்க உறுப்பு' என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டால் அறிவுரை தன் பயனை முற்றிலும் இழக்கும். நாணத்தால் வந்த பொதுச்சொல் இவ்வாறு பொருட்பிழையாக முடிகிறது. தமிழைப் பேச்சிலும் தெலுங்கை எழுத்திலும் கொண்ட எல்லைப்புறப் பெண்ணுக்கு இவ்விடர் இரட்டிப்பாகும். வீட்டில் அவள் கற்ற சொல் விலகலின் சொல். மருத்துவமனைச் சுவரில் காணும் சொல் வடசொல். இரண்டிலும் அவள் உடல் இல்லை.

அரசுத் திட்டங்களின் பெயர்களும் இப்போக்கிற்கு விலக்கல்ல. வளரிளம் பெண்களுக்கு விலையின்றி அணையாடை வழங்கத் தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட திட்டம் 'புதுயுகம்' எனப் பெயர் பெற்றது. ஆந்திரப் பிரதேசத்தில் 2021இல் தொடங்கப்பட்ட அத்தகைய திட்டம் 'ஸ்வேச்சா' எனப்பட்டது. திட்டங்கள் பயன்மிக்கவை, பெயர்கள் இனியவை. ஆயினும் அவற்றைக் கேட்பவர் எதனைப் பற்றியன என்று அறியவியலாது. மாற்றாக, 1990களின் தொடக்கத்தில் ஹைதராபாத்துப் பெண்கள் குழுவினர் தெலுங்கில் வெளியிட்ட உடல்நலக் கையேட்டின் தலைப்பு 'சவாலக்ஷ சந்தேகாலு' என்பதாகும். எண்ணிறந்த ஐயங்கள் என்பது அதன் கருத்து. ஐயுறுபவள் பெண். அவள் ஐயத்தையே நூலின் பெயராக்கியமையால் பேசுபவள் இடம்பெயரவில்லை. இராதிகை இளையவளுக்கு எடுத்துரைத்தது போன்று, பெண் பெண்ணுக்குச் சொல்லும் அமைப்பை அந்நூல் மீட்டது எனலாம்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

இராதிகா சாந்த்வனம் தடைக்குள்ளாகக் காரணம் அதன் பொருள் அன்று. பெண் தன் இன்பத்தைத் தன் கூற்றாகச் சொன்னமையே. முதற்பதிப்பில் பாயிரம் நீங்கியதும், அரசு மொழிபெயர்ப்பில் பாடல்கள் துண்டிக்கப்பட்டதும் சொல்பவளை நூலினின்று அகற்றிய இருவேறு செயல்களாகும். நாகரத்தினம்மாளின் பதிப்பு அவளை மீண்டும் நூலுள் அமர்த்தியது.

மொழிபெயர்ப்பில் இவ்வகற்றல் வெளிப்படையான நீக்கத்தால் மட்டும் நிகழ்வதில்லை. வினையின் எழுவாயை மாற்றுவதாலும், பெண்ணுடல் வரும் இடத்தில் மட்டும் பதிவுநிலையை உயர்த்துவதாலும், வேறுவேறு உறுப்புகளை ஒரே பொதுச்சொல்லுள் அடக்குவதாலும் நிகழும். ஆதலின் மொழிபெயர்ப்பை மதிப்பிடுவோர் விடுபாடுகளை எண்ணுவதோடு நில்லாது, யார் செய்கிறார், யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பன மூலத்திலும் பெயர்ப்பிலும் ஒத்துள்ளனவா என்று ஆராய்தல் வேண்டும்.

உடல்நல நூல்களுக்குக் கலைச்சொல் ஆக்குவோர் அகராதியிலிருந்து தொடங்காது பெண்களின் வாய்மொழியிலிருந்து தொடங்குதல் நன்று. சித்தூர், திருப்பதி, திருத்தணி, வேலூர் முதலான இருமொழி வட்டாரங்களில் பெண்கள் தம்முள் வழங்கும் சொற்களைத் தொகுத்தால் விலகலைச் சுட்டாத, உடலையே சுட்டும் வழக்குகள் கிடைக்கக்கூடும். அத்தகைய தொகுப்பு மொழியியலாரின் களப்பணிக்குரியது. அதனைச் செய்யத் தக்கவர் அப்பெண்களோடு அமர்ந்து பேசவல்ல பெண் ஆய்வாளர்களே.

முத்துப்பழனி தமிழினின்று ஒரு பெண்ணின் பாட்டைத் தெலுங்கிற்குக் கொண்டுசென்றார். அவருடைய பாட்டைத் தமிழுக்குக் கொணர்வோர் ஆண்டாளின் மொழியில் அதற்குரிய சொற்கள் முன்னரே உள்ளமையைக் காண்பர்.